நாற்காலியில் பதினோரு வருஷம்

புதூர்நாடு மலை,
மழை விட்ட ஒரு மத்தியானம்.

அன்புத் தம்பி சாகிபுக்கு, அண்ணன் கலீல் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி கனீஸ் ஃபாத்திமாவும் மகள் இஃப்ராவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். டொராண்டோவில் நீ குளிருக்கு நன்றாகப் போர்த்தி, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க துஆ செய்கிறோம்.

நீ அனுப்பிய எட்டு நிமிட வாய்ஸ் மெசேஜைக் கேட்க, சிக்னல் வரும் பாறைமேல் ஏறி ஒற்றைக் காலில் நின்றேன். ஆபீசில் உனக்குத் தீபாவளி வாழ்த்து சொன்னார்கள் என்றும், ரம்ஜானுக்கு நீ லீவு கேட்டபோது "போன அக்டோபரில்தானே உங்கள் பண்டிகை முடிந்தது" என்றார்கள் என்றும் புலம்பியிருந்தாய். தம்பி, நீ கடல் தாண்டிப் போய்ப் பட்ட பாட்டை நான் வாணியம்பாடியிலிருந்து ஜீப்பில் ஏறி வந்தே பட்டுக்கொண்டிருக்கிறேன். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு வாணியம்பாடி பாய் என்றால் தோல் பதனிடுவார், பிரியாணி செய்வார், இந்தி படிப்பார். ஆடு செத்தால் தோலை உரித்து என் கடை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பேங்கிலிருந்து இந்தியில் மெசேஜ் வந்தால் என்னிடம் நீட்டுகிறார்கள். அத்தா காலத்திலிருந்து நம் வீட்டில் தமிழ்தான் என்றால் தன்னடக்கம் என்று நினைக்கிறார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் மனதில் கிடந்து அறுப்பது ஒரு நாற்காலி. இங்கே ஊர்ப் பொதுப் பலாமரத்தில் பழம் பழுத்தால் எல்லோரும் கூடி அறுத்து, வீட்டுக்கு ஒரு துண்டு பங்கு வைப்பார்கள். ஊர்க்காரர்கள் தரையில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பிசினோடு மல்லுக்கட்டித் தின்பார்கள். விருந்தாளி வந்திருந்தால் மட்டும் ஊரில் இருக்கிற ஒரே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பிசின் எடுத்த சுளையை இலையில் வைத்து முதலில் கொடுப்பார்கள். பதினோரு வருஷமாக அந்த விருந்தாளி நான்தான். இஃப்ரா இங்கேயே பிறந்தவள், அவளும் என் மடியில் உட்கார்ந்து சுத்தமான சுளை தின்கிறாள். போன வருஷம் தன் சிநேகிதி நதியா கையெல்லாம் பிசினோடு சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "அத்தா, நாம எப்பத்தான் கீழ உக்காருவோம்?" என்று கேட்டாள்.

அதனால்தான் ஊர்த் தலைவர் தங்கவேல், பேத்தியின் காதுகுத்துக்குப் பிரியாணி செய்யச் சொன்னபோது மறுக்காமல் ஒப்புக்கொண்டேன். ஆளோடு ஆளாக ஒரு வேலை செய்தால் நாற்காலி போய்விடும் என்று கணக்குப் போட்டேன். எனக்கு வெந்நீர்தான் வைக்கத் தெரியும், உன் அண்ணியும் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டாள், அரிசி ஏற்றி வந்த ஜீப் பாதி மலையில் நின்றுபோயிற்று, வேறு வழியில்லாமல் சாமையைப் போட்டுக் கிண்டினேன், அது களியாகிவிட்டது. உள்ளூர்க்காரன் அப்படிச் சமைத்திருந்தால் அண்டாவை அவன் தலையில் கவிழ்த்திருப்பார்கள். என்னை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. "வாணியம்பாடி பிரியாணின்னா கரண்டியால வெட்டித்தான் எடுக்கணும் போலகீது, நமக்குத்தான் தெரியல" என்று தங்கவேல் மரியாதையாக மென்றார். எனக்கு அழுகையே வந்தது.

பிறகு ஊர்க் குடிநீர் மோட்டாருக்குக் காயில் கட்டி, சோதனைக்கு ஓடவிட்டு, தலையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வீடியோ எடுக்க வந்த பெண் ஒருத்தி நேராக என்னிடம் வந்து, "ஐயா, உங்க முன்னோர்கள் எத்தனை தலைமுறையா இந்த மலையில இருக்காங்க?" என்றாள். "பதினோரு வருஷமாம்மா" என்றேன். அதை வெட்டிவிட்டாள். 'மலையைக் காக்கும் மூத்தகுடி' என்று எழுதிப் போட்டுவிட்டாள். எனக்கு வயது நாற்பத்தாறு! பெரியத்தா மகன் இல்யாஸ் வாணியம்பாடியிலிருந்து போன் செய்து, "இன்னாடா, மலைக்காரனாவே ஆய்ட்டியா? தேன் இருந்தா ரெண்டு லிட்டர் அனுப்பு" என்கிறான். கீழே போனால் மலைக்காரன், மேலே வந்தால் வாணியம்பாடிக்காரன், நடுவில் ஜீப்பில் போகும்போது மட்டும்தான் நான் கலீல்.

அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடிப் புகைந்துபோயிற்று. நான்கு நாள் ஊரே ஓடையிலிருந்து குடம் சுமந்தது. ஐந்தாம் நாள் பலாப்பழம் அறுத்தார்கள். நான் பயந்துகொண்டே போனேன். நாற்காலி இல்லை. தங்கவேலின் சம்சாரம் மாணிக்கம்மாள் எல்லோர் முன்னாலும் இடுப்பில் கைவைத்து, "இன்னாய்யா கலீலு, வீடியோல மூஞ்சி காட்டறதுன்னா ஊரு தண்ணி மறந்துபூடுமா? நாலு நாளு கொடம் சொமந்து எம் முதுவு ஒடஞ்சிபோச்சி. ஒக்காரு கீழ!" என்றார்கள். ஒரு பெரிய துண்டைப் பிசின் சொட்டச் சொட்ட என் கையில் திணித்தார்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக 'வாங்க பாய், போங்க பாய்' இல்லாத திட்டு! சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாடியில் ஒட்டிய பிசினை உன் அண்ணி தேங்காயெண்ணெய் போட்டு இரண்டு நாள் எடுத்தாள். இஃப்ரா தலைமுடியில் இன்னும் இருக்கிறது. கழுவ விடமாட்டேன் என்கிறாள்.

ஆகவே தம்பி, பொறுமையாக இரு. உன் ஆபீசில் யாராவது உன்னை ஒருநாள் நன்றாகத் திட்டுவார்கள், அன்றைக்கு நீ அந்த ஊர்க்காரன். ஆனால் ஒன்று, ஆளைப் பார்த்து ஊரை முடிவு செய்கிற புத்தி நமக்கு மட்டும் என்றைக்கும் வரவே கூடாது. பட்டவர்கள் நாம். உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் கிடைக்க துஆவுடன்,

உன் அண்ணன்,
கலீல்.

பி.கு: ஜீப் வராததால் இந்தக் கடிதம் ஒரு வாரம் சட்டைப் பையில் கிடந்தது. அதற்குள் பள்ளிக்கூடத்துக்கு டைல்ஸ் போட ராஜ்குமார் என்று ஒருவர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். டைல்ஸ் வேலை என்றால் வடக்கத்தி ஆள்தானே என்று, எனக்குத் தெரிந்த பதினாறு உருது வார்த்தைகளையும் போட்டு அரைமணி நேரம் பேசினேன். சப்பாத்திக்கு மாவு எங்கே கிடைக்கும் என்றுகூட விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, நான் மலைக்கு அந்தப் பக்கம் போளூருங்க" என்றார். இருக்கட்டும், என்ன இருந்தாலும் கீழ்நாட்டுக்காரர், நம்ம மலை வழக்கமெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? நேற்று அடுத்த பழம் அறுத்தபோது நான்தான் ஓடிப்போய் அந்த நாற்காலியைத் தூக்கிவந்து அவரை உட்காரவைத்து, பிசின் எடுத்து, முதல் சுளையை இலையில் வைத்துக் கொடுத்தேன்.