தாய்மாமன் வந்த சைக்கிள்

கல்யாணத்துக்குப் பெண் பார்க்க நான் எடுத்துக்கொண்ட நேரம் இருபது நிமிடம். அதில் பத்து நிமிடம் பஜ்ஜிக்குப் போனது. மலை சைக்கிள் பார்க்க எடுத்துக்கொண்டது முழுசாக மூன்று மாதம். என் மனைவி கலைச்செல்வி இதை அடிக்கடி சொல்லிக்காட்டுவாள் என்பதால் நானே முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விழுப்புரத்தில் மலை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதையேதான் கேட்டாள். எனக்குத் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை, வீடு விழுப்புரத்தில். ரயிலில் உட்கார்ந்தே போய் உட்கார்ந்தே வந்ததில் நாற்பது வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் தெருவில் நாலு பேர் "உடம்புக்கு இன்னா சார்?" என்று கேட்பார்கள். சைக்கிளில் போனால் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன் (கேட்டார்கள்).

சாதாரண சைக்கிளாக இருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பேன். எனக்குத் தார் ரோட்டிலும் ஓட வேண்டும், கப்பி ரோட்டிலும் ஓட வேண்டும், ஏரிக்கரையிலும் கரும்பு வண்டி போன தடத்திலும் ஓட வேண்டும். அத்தனைக்கும் ஒரே சைக்கிள், அதுவும் வாத்தியார் சம்பளத்துக்குள். ரயிலில் போகும்போதும் வரும்போதும் போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் இருந்தால் போதும், குறைந்த விலை சைக்கிளில் பின்பக்கமும் வைத்தால் கனம்தான் மிச்சம். டயர் ரொம்பப் பட்டையாகவும் இருக்கக்கூடாது, ஒல்லியாகவும் இருக்கக்கூடாது. சேற்றிலும் மழையிலும் நிற்க டிஸ்க் பிரேக் வேண்டும். இதையெல்லாம் நான் ஸ்டாஃப் ரூமில் விளக்க ஆரம்பித்தால் தமிழ் ஐயா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு வகுப்புக்கே போய்விடுவார்.

கடைசியில் திண்டிவனத்தில் ஒரு கடையில் நான் தேடியதெல்லாம் ஒரே சைக்கிளில் கிடைத்தது. பிரேம் மட்டும் மூன்று அளவில் இருந்தது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து (மேலே அதிக தூரம் பார்க்க வேண்டியதில்லை) சின்ன அளவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்றுக்கும் விலை என்ன வித்தியாசம் என்று கேட்டேன். எல்லாம் ஒரே விலைதான் என்றார். என் புத்தி வேலை செய்தது அங்கேதான். பள்ளிக்கூடச் சட்டையை மூன்று வருஷத்துக்கும் சேர்த்துத் தொளதொளவென்று தைத்துப் போட்ட குடும்பம் எங்களுடையது. ஒரே விலைக்குப் பெரியது கிடைக்கும்போது யாராவது சின்னதை வாங்குவார்களா? பெரியதையே கேட்டேன்.

"சார், காலு எட்டாது. பசங்களுக்குன்னா வளருவாங்கன்னு குடுக்கலாம். நீங்க இனிமே இன்னாத்த வளரப்போறீங்க?" என்றார் அவர்.

சீட்டை இறக்கிக்கொள்ளலாம் என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டு வாங்கி வந்தேன்.

பூஜை போடாமல் ஓட்டக்கூடாது என்பது கலைச்செல்வியின் உத்தரவு. பூஜைக்குப் பளபளவென்று இருக்கட்டுமே என்று தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் சைக்கிளை நான் துடைத்தேன். சக்கரத்தின் நடுவே எவர்சில்வர் தட்டு மாதிரி ஒன்று இருந்ததே, அதையும் விடவில்லை. அதுதான் டிஸ்க். பிரேக் கவ்வ வேண்டிய இடமே அதுதான்.

"அதுல எண்ணெ தடவலாமாங்க?" என்று அவள் கேட்டாள்.

துருப் பிடிக்காது என்று சொல்லி, இன்னொரு கை எண்ணெய் தடவி, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மூன்று மாதமும் நான் பார்த்தது எப்படி வாங்குவது என்ற வீடியோக்கள். வாங்கியபின் என்ன செய்வது என்ற வீடியோ ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. தெருவில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் பிடித்ததும் சைக்கிள் நாலு வீடு தள்ளிப்போய் நின்றது. புது பிரேக் போகப்போகத்தான் பிடிக்கும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். அரைகுறை அறிவு அப்படித்தான் சமயத்துக்கு வந்து உதவும்.

அந்த வெள்ளிக்கிழமை காணை பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் தங்கை மலரின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. குழந்தைக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். எங்கள் அப்பா காலமாகிவிட்டார், மலருக்குப் பிறந்த வீட்டு ஆள் என்று நிற்க நான் ஒருவன்தான். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். சைக்கிளில் வருகிறேன் என்று போனில் சொன்னேன். "நேரத்துக்கு வந்துடுண்ணா. நீ இல்லாம ஆவாது," என்றாள் மலர்.

கலைச்செல்வி சீர்த் தட்டுகளோடு வேனில் போனாள். நான் புது வேட்டி சட்டையை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். தார் ரோடு முழுக்க ராஜா மாதிரி போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியே ரோட்டிலேயே போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. எல்லாத் தடத்திலும் ஓடும் சைக்கிள் என்று ஊருக்குக் காட்ட வேண்டாமா? ஏரிக்கரை மேல் ஏறினேன்.

கரை இறங்கும் சரிவில் வந்தபோது கீழே பந்தல் தெரிந்தது, மேளம் கேட்டது. மணி பத்தே கால். இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். சைக்கிள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. காலை ஊன்றலாம் என்றால் தரை எட்டவில்லை. நேரே போனால் சமையல்காரரும் சாம்பார் அண்டாவும். இடது பக்கம் நடவுக்காகத் தண்ணீர் கட்டி, சேறாகச் சேடை ஓட்டி வைத்திருந்த கழனி. இடது பக்கம் திருப்பினேன். அந்தப் போகத்தில் அங்கே நடப்பட்ட முதல் நாற்று நான்தான்.

மேளக்காரர்கள் உட்படப் பந்தலே எழுந்து நின்றது. மச்சான் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். அடி எதுவும் படவில்லை. பையைத் திறந்தால் புது வேட்டியும் என் நிறத்துக்கே வந்திருந்தது. கைகால் கழுவிக்கொண்டு உட்காருகிறேன் என்று மன்றாடிப் பார்த்தேன். காது குத்த வந்திருந்த பத்தர் மறுத்துவிட்டார்.

"சேத்துல பொரண்டுக்கினு வந்து கொழந்தையத் தொடாதீங்க சார். புண்ணு சீழ் வெச்சிக்கும். நீங்க குளிச்சிட்டு வர்றதுக்குள்ள ராகு காலம் வந்துடும்."

மலர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையிலிருந்த குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. சேறு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கலைச்செல்விதான் முன்னால் வந்தாள். "புள்ளைய இங்க குடு மலரு. சீர எடுத்துக்கினு வந்தவ நான், மடியும் என்னுதே இருக்கட்டும்," என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். யாழினி அழவே இல்லை. பந்தல் கால் ஓரமாகச் சொட்டிக்கொண்டு நின்ற என்னை அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு காதும் முடிந்துவிட்டது.

சைக்கிளை எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டர் வாங்கிக்கொண்டார். ஆறடி ஆள், அவருக்கு அளவு கச்சிதம். நான் இப்போது நடக்கிறேன்.

போன மாதம் மலர் தன் இரண்டாவது பிள்ளையின் காதுகுத்துக்கு அழைக்க வந்தாள். இந்தத் தடவை பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே பத்திரிகையைப் பிரித்தேன். தாய்மாமன் என்று போட்டிருந்த இடத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் திருமதி கலைச்செல்வி என்று இருந்தது. அச்சுப் பிழை போலிருக்கிறது என்றேன்.

"பெழையெல்லாம் இல்லண்ணா," என்றாள் மலர். "நான்தான் ரெண்டு வாட்டி புரூஃப் பாத்தேன்."