மாப்பிள்ளை முகத்தில் பதினேழு கொட்டு

பொட்ஸ்தேனா,
செவ்வாய்க்கிழமை, விடாத மழை.

மேன்மைமிகு சம்பந்தி கல்மான் அவர்களுக்கு,

வருகிற சனிக்கிழமை தங்களுக்கு உறவாகப் போகிற யெர்னெய் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி போலோனாவும் பசு மூன்றும் தேனீப் பெட்டி பதினொன்றும் நலம். தங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமான லுத்விக் பெரும்பாலும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

"பெரும்பாலும்" என்ற சொல்லைப் பார்த்துச் சம்பந்தியம்மாள் பதற வேண்டாம். கை, கால், வயிறு எல்லாம் கொண்டுவந்தபடியே இருக்கின்றன. முகம் மட்டும்தான் கொஞ்சம் கூடியிருக்கிறது. இதெல்லாம் எப்படி நடந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் வேறு யாராவது தங்களுக்குச் சொன்னால் இதைவிட மோசமாகச் சொல்வார்கள்.

நிச்சயதார்த்த விருந்தில் லுத்விக் ஒரு வார்த்தை சொன்னான், தினமும் காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடுவேன் என்று. உங்கள் ஊரில் நாரைக் கூட்டைவிட உயரமான பொருள் கிடையாது, அங்கே யாரும் ஓடலாம். ஆனால் அந்தப் பேச்சு மாட்டிச்சின் காதில் விழுந்தது. மாட்டிச் மரம் அறுக்கும் ஆலைக்காரர் மகன், ஊர் இளைஞர்களுக்குத் தலைவன், என் மகள் நேஷாவின் பின்னால் நாலு வருஷம் அலைந்துவிட்டுச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சமென்று இருப்பவன். வெளியூர்க்காரன் எங்கள் பெண்ணைக் கட்டிக்கொண்டு போனால் இளைஞர்கள் குறுக்கே கட்டை போட்டு மறிப்பது வழக்கம்தான். மரத்தை அறு, அரிவாளைத் தீட்டு என்று ஏதாவது வேலை வைப்பார்கள், மாப்பிள்ளை அசடு வழியச் செய்வான், எல்லோரும் குடித்துவிட்டுப் போவார்கள். இந்த முறை மாட்டிச் அதெல்லாம் வேண்டாம் என்றான். மலைச் சங்கம் வசந்தத்தில் திறந்துவைத்த மேல் ஓட்டப்பாதையில் மாப்பிள்ளை ஓட வேண்டும். பத்து மணிக்கு ஆலையிலிருந்து புறப்பட்டு, மேய்ச்சல் குடிலைத் தொட்டு, மலைமுகட்டோடு போய், கோயில் மணி பன்னிரண்டு அடிப்பதற்குள் ஊர் நடுவிலிருக்கும் லிண்டன் மரத்தடிக்கு வந்து சேர வேண்டும். தோற்றால் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். எல்லாம் விளையாட்டுக்குத்தான் என்பார்கள். அப்படி விளையாட்டுக்குத் தோற்ற ஒரு மாப்பிள்ளை எங்கள் ஊருக்கு இன்னும் திரும்பி வரவில்லை, அந்தப் பெண்ணுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது.

அந்தப் பாதையை நான் அறிவேன். முப்பத்தோரு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கின் மலைப்பாதைகளுக்கு அடையாளம் வரைகிறவன் நான்தான். வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் சிவப்பு வளையம். எங்கள் ஆள் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டால் வரைபடத்தை மட்டுமல்ல, பெண்டாட்டி சொல்வதைக்கூடக் கேட்கமாட்டான். பாதைக்குப் புள்ளி வைக்கப் போனபோது எனக்கு ஒரு முழுநாள் ஆயிற்று, நடுவில் தூங்கியதையும் சேர்த்து. சமவெளிப் பிள்ளை இரண்டு மணி நேரத்தில் எப்படி வருவான்? நேஷா தலைநகரில் வேலையில் இருக்கிறாள், வெள்ளிக்கிழமைதான் வருவாள். போகும்போது அவள் சொன்னதைத் தங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

"அப்பா, அவன் தோத்தா நான் ஒரு வருஷமெல்லாம் காத்திருக்க மாட்டேன். உங்க ஊரையே விட்டுப் போயிடுவேன்."

உங்க ஊராம். பெற்ற வயிறு மட்டும்தான் எரியுமா, பெற்றவனுக்கு வயிறு கிடையாதா? எனவே போன வெள்ளிக்கிழமை காலையில் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு மலையேறினேன். குடிலுக்குக் கீழே பழைய ஆட்டுத்தடம் ஒன்று உண்டு, நேராக என் தோட்டத்தின் மேலே வந்து இறங்கும், பாதித் தூரம் குறையும். அதில் பதினான்கு புள்ளி வைத்தேன். முப்பத்தோரு வருஷத்தில் நான் வைத்த முதல் பொய்ப் புள்ளிகள். மடியில் கனம் இருந்ததால் வழியெல்லாம் பயமாகத்தான் இருந்தது.

கெடுத்தது மிச்சப் பெயின்ட். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று போலோனா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். என் நாலாம் பெட்டித் தேனீக்கள் வீடு தெரியாமல் ஐந்தாம் பெட்டிக்குள் நுழைந்து தினமும் அடிதடி. பெட்டியின் முகப்பில் ஏதாவது படம் வரைந்தால் தேனீ தன் வீட்டை அடையாளம் கண்டுகொள்ளும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பிறர் வாத்தையும் புனிதர்களையும் வரைவார்கள். முப்பத்தோரு வருஷமாக ஒரே உருவத்தை வரைந்த கைக்கு வேறு உருவம் வரவில்லை. நாலாம் பெட்டியில் பெரிதாக ஒரு புள்ளியும் வளையமும் வைத்தேன். தூரிகையில் ஒட்டியிருந்ததை, பெட்டிகள் இருக்கும் தேனீக் கொட்டகைக் கதவில் தீர்த்தேன், அதுவும் பழக்கதோஷத்தில் புள்ளியாகவும் வளையமாகவுமே வந்தது.

மீதியைத் தாங்களே ஊகித்திருப்பீர்கள். மறுநாள் சனிக்கிழமை பத்து மணிக்கு ஆலையில் லுத்விக்கை இளைஞர்கள் கைதட்டி அனுப்பினார்கள், நான் மரத்தடியில் காத்திருந்தேன். புள்ளியை விட்டு ஒரு அடிகூட விலகாதே என்று முந்தின நாளே அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவன் நல்ல பிள்ளை, விலகவில்லை. ஆட்டுத்தடத்தில் இறங்கி, கொட்டகைக் கதவில் புள்ளியைக் கண்டு, கதவைத் திறந்து, உள்ளே நாலாம் பெட்டியில் அடுத்த புள்ளியைக் கண்டு, அதை நோக்கிப் போயிருக்கிறான். அங்கிருந்து மரத்தடிக்கு எண்ணூறு மீட்டர். அதை அவன் கடந்த வேகத்தை நான் மட்டுமல்ல, பாதிரியாரும் பார்த்தார். பன்னிரண்டு அடிக்க இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருந்தது. மரத்தடியில் நிற்காமல் நேராகப் போய் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டிக்குள் குதித்தான். மாட்டிச் வந்து பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, தொப்பியைக் கழற்றினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் வாயை அடைத்த மாப்பிள்ளை! சம்பந்தி அவர்களே, தாங்கள் பெருமைப்பட வேண்டும்.

பதினேழு கொட்டு, அத்தனையும் கழுத்துக்கு மேலே. கண் இரண்டும் மூடிவிட்டன, உதடு வெந்த மாவுருண்டைபோல் ஆகிவிட்டது, பேச்சு வரவில்லை. போலோனா மோரும் வெங்காயமும் வைத்துக் கட்டியிருக்கிறாள். நான்குவேளை சூப் குடிக்கிறான். சில சங்கடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தாங்கள் அன்போடு அனுப்பிய பூசணிவிதை எண்ணெயைச் சூப்பில் ஊற்றிக் கொடுத்தால், பிறந்ததிலிருந்து அதைக் கண்டறியாதவன்போல் முகர்ந்து பார்த்துத் தள்ளிவைக்கிறான். நேஷாவின் புகைப்படத்தைக் காட்டினால் யார் என்று கையால் கேட்கிறான், அவ்வளவு தூரம் மயங்கிவிட்டான். தையற்காரர் கல்யாண உடைக்கு அளவெடுத்தபோது திமிறினான், நாலு பேர் பிடித்துக்கொண்டோம். போன முறை பார்த்ததற்கு ஒரு சாண் உயரமாகத் தெரிகிறான், மலைக்காற்று அப்படி. இரண்டு தடவை ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்தான். கல்யாண நடுக்கம் எல்லோருக்கும் வருவதுதான், எனக்கும் வந்தது, என் மாமனார் நாயை அவிழ்த்துவிட்டார். இப்போது மாட்டிச்சே ஜன்னலுக்குக் கீழே காவல் நிற்கிறான். "தோத்தவன் நான், மாப்பிள்ளைய நான்தான் பாத்துக்கணும்" என்கிறான். பாவம், நல்ல பையன்.

ஆகவே தாங்கள் கோபப்படாமல், கல்யாணத்தை நிறுத்தாமல், வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வந்து சேர வேண்டும். பொய்ப் புள்ளி விஷயம் தங்களோடு இருக்கட்டும். தங்கள் களத்தில் தானியமும் தங்கள் கிண்ணத்தில் மதுவும் குறையாதிருக்கட்டும், தங்கள் கோதுமை வயலில் ஆலங்கட்டி விழாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள சம்பந்தி,
யெர்னெய்

பின்குறிப்பு (புதன்கிழமை): கடிதத்தை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். காலையில் விடுதித் தொலைபேசிக்கு நேஷா கூப்பிட்டாள். அவள் சொன்னது அப்படியே:

"அப்பா, லுத்விக் அவங்க வீட்ல இருக்கான். சனிக்கிழமையே போயிட்டானாம். வழியில புள்ளியத் தொட்டானாம், பெயின்ட் இன்னும் காயாம கையில ஒட்டிச்சாம், மாட்டிச் வெச்ச பொறின்னு நெனச்சு வேற பக்கம் ஓடி அடுத்த பள்ளத்தாக்குல இறங்கிட்டான். தோத்துட்டேன்னு அழுதுகிட்டே எனக்கு இன்னிக்குப் போன் பண்றான். நீங்க அங்க யாருக்கு சூப் ஊத்துறீங்க?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வீக்கம் வடிந்திருந்தது. அவர் ஆஸ்திரியாவிலிருந்து விடுமுறைக்கு வந்து காலையில் ஓடப்போன பல் டாக்டர். எங்கள் ஊரில் காரணமில்லாமல் யாரும் ஓடமாட்டார்கள் என்பதால் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. மிகவும் நல்ல மனிதர், உடை அவருக்குத்தான் பொருந்துகிறது, அதை உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்கு இருக்கச் சம்மதித்துவிட்டார். தாங்கள் லுத்விக்கிடம் உடனே சொல்லுங்கள், அவன் தோற்கவில்லை. இருபத்திரண்டு நிமிஷ வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறான், ஊரே சாட்சி. ஆனால் ஊர் பார்த்த முகம் வேறு. ஆகையால் இந்தக் கடிதத்தோடு பேருந்து ஓட்டுநரிடம் ரீங்காரமிடும் ஒரு சிறு பெட்டியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை புறப்படும்போது லுத்விக்கைத் தனியறையில் உட்காரவைத்துத் திறக்கவும். இடது கன்னத்தில் ஆறு, மூக்கில் இரண்டு, மற்றது அவர்கள் இஷ்டம்.