சாம்பிள் எப்படியோ அப்படியே

வலது கை ஆள்காட்டி விரலின் விலை பதினான்கு மாதச் சம்பளம். கட்டை விரலாக இருந்தால் இருபத்திரண்டு மாதம். சுண்டு விரலுக்கு மரியாதையே இல்லை. ஐந்து மாதத்தோடு பேச்சை முடித்துவிடுவார்கள். நஷ்ட ஈட்டுப் பட்டியலில் எல்லாம் அச்சடித்தே இருக்கிறது. பேரம் கிடையாது. ஒரே விலைக் கடை.

ஆபரேட்டர் அந்தக் கடையில் ஆள்காட்டி விரலைத்தான் போட்டார். தகடு வெட்டும் பிரஸ்ஸில் பதினோரு வருடம் நின்றவர். ஒரு செவ்வாய்க்கிழமை, டீ நேரத்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது, தகட்டோடு சேர்த்து விரலையும் உள்ளே தள்ளிவிட்டார். மெஷின் வித்தியாசம் பார்க்கவில்லை. வேலை போயிற்று, காசு வந்தது. அந்தக் காசு முழுவதும் கம்பியாகவும் மோட்டாராகவும் மாறி, இப்போது வீட்டுச் சாமான் அறையில், அறையைவிட நாலு அங்குலம் நீளமாக நின்றுகொண்டிருந்தது.

"கதவு சாத்த முடியலங்க," என்றாள் மனைவி.

"தெரியுது."

"அளந்துதானே செஞ்சீங்க?"

"மெஷினை அளந்தேன்."

"ரூமை?"

"ரூம் எங்க போயிடப் போகுது, அப்புறம் அளக்கலாம்னு விட்டுட்டேன்."

அறை ஆறடிக்கு நாலேகால். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டால், அதன்படி தானே நகர்ந்து தானே வெட்டும் சிஎன்சி மெஷின் ஒன்றை அதற்குள் கட்டி எழுப்புவதற்கு மூன்று மாதம் பிடித்தது. திருகாணி முடுக்கக் குனிந்தால் முதுகு சுவரில் இடிக்கும். நிமிர்ந்தால் தலை அலமாரியில் இடிக்கும். நட்டு ஒன்று கீழே விழுந்தால் அவரே வெளியே வந்து, திரும்பி, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். கதவோ பொது நடைக்குத் திறந்தது. திறந்தே கிடந்தால் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்ப்பார். பார்த்தால் அன்றோடு வீடு காலி.

அந்த நேரத்தில்தான் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, கம்பெனிகளுக்குச் சரக்கு வேன் ஓட்டுபவன். கையில் காலண்டர் அட்டை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு.

"மாமா, உங்க ஒத்தை விரலால கம்பெனிக்கே ஞானம் வந்துடுச்சு. நாப்பது பிரஸ்ஸுக்கும் விரல் உள்ள போகாம தடுக்கற கார்டு மாட்டணும்னு மேலேர்ந்து உத்தரவு. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு செக்கிங். உன் மாமா செஞ்சு தருவாரான்னு ஸ்டோர்காரர் கேட்டார். சாம்பிள் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சமாம். பத்திரமாத் திருப்பணும்னு என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் விட்டார்."

"அந்தக் கம்பெனிக்கா நான் செய்யணும்?"

"அந்தக் கம்பெனிக்குத்தான். இது சரியா அமைஞ்சா மாசாமாசம் வேலை. அமையலன்னா மெஷினை எடைக்குத்தான் போடணும். எடைக்கடைக்காரன் இரும்புக்குத்தான் விலை போடுவான், விரலுக்குப் போடமாட்டான்."

ஆபரேட்டர் தகட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு காலத்தில் கண்ணாடி போல இருந்திருக்க வேண்டும். இப்போது சிகரெட் பிடிப்பவனின் பல் நிறம். நாலு மூலையிலும் திருகு ஓட்டை. கீழ் விளிம்பின் நடுவில் அரை வட்டமாக ஒரு கடி.

"இதை மட்டும் என் மெஷின்ல மாட்டியிருந்தானுங்கன்னா..." என்றார். "பதினோரு வருஷத்துல இதைக் கண்ணால பார்த்ததில்லடா நான்."

குரல் உடைந்தது. விசாரணையிலும் இதே இடத்தில்தான் உடைந்தது. வீட்டில் இதுவரை நாற்பது ஐம்பது தடவை உடைந்திருக்கும்.

"கீழ கடிச்ச மாதிரி இருக்கே, அது எதுக்கு மாமா?"

பேனாவை விட்டுப் பார்த்தார், ஆடியது. நடுவிரலை விட்டுப் பார்த்தார், பிடித்துக்கொண்டது. "எண்ணெய்க் குழாய் போறதுக்கு இருக்கும்."

"கேட்டுடலாமா?"

"கேட்டா, தொழில் தெரியாதவன்னு நினைப்பாங்க. சாம்பிள் எப்படியோ அப்படியே. அதுக்குத்தானே இந்த மெஷின்? மனுஷன்னா நடுவுல சொந்த மூளையைக் கலப்பான். இது கேள்வியே கேக்காது."

"எங்கக்கா வாய்க்கும் ஒரு கார்டு செஞ்சு மாட்டிடுங்க," என்று சொல்லிவிட்டு மச்சான் வேனுக்கு ஓடினான்.

சாம்பிளை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். கடியின் வளைவை மட்டும் ஏழு தடவை அளந்தார். இனி நாலு அங்குலம்தான் பாக்கி.

அறைக்கு மறுபக்கம் சமையலறை. செவ்வாய் மதியம் சுவரில் ஒரு சதுரம் இடித்தார். மெஷின் நகர்ந்து உட்கார்ந்தது, கதவு சாத்தியது. ஆனால் வெட்டுமுனையைச் சுமக்கும் பாலம் அந்தச் சதுரத்தின் வழியாக நாற்பது நொடிக்கு ஒரு முறை அடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. மாமியார் வேவு பார்ப்பது போல.

"பால்ல பிளாஸ்டிக் தூள் விழுதுங்க."

"மூடி வை."

"மூடி வெச்சா பொங்குது. நான் பாலைப் பார்ப்பேனா, உங்க பாலத்தைப் பார்ப்பேனா?"

தூள் வராமல் இருக்க அவள் ஓட்டையில் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டாள். புதன்கிழமை காலை மெஷின் அந்தப் புடவையை உடுத்திக்கொண்டது. சுழலும் நீளத் திருகு அதை முந்தானையில் பிடித்து, இழுத்து, முடி பின்னுவது போலப் பின்னி, கடைசியில் தானும் வளைந்து நின்றது. திருகை நிமிர்த்த ஒரு பகல் போயிற்று. புடவை திரும்பக் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டு கார்டு ஒழுங்காக வந்தன. பதின்மூன்றாவது விரலளவு தள்ளி வெட்டப்பட்டது. பதினான்காவது கோணல். பதினாறாவதில் திருகு ஓட்டை தகட்டை விட்டே வெளியே போய்விட்டது. பைத்தியம் பிடித்தது போல மூன்று மணி நேரம் ஒயர் ஒயராகச் சோதித்தபின் காரணம் தெரிந்தது. சமையலறையில் மிக்ஸி ஓடும்போதெல்லாம் மெஷின் தான் நிற்கும் இடத்தை மறந்துவிடுகிறது.

"மிக்ஸி போடாதே."

"சரி."

"ஃபிரிட்ஜும் வேண்டாம்."

"அதுல பால் இருக்கு."

"பால்ல ஏற்கெனவே பிளாஸ்டிக் இருக்கு."

"ஃபேன்?"

"ஃபேனும்."

அவள் விசிறிக்கொண்டே கேட்டாள்: "நான் மூச்சு விட்டா உங்க மெஷினுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

அவர் தகடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். கெட்டுப்போன தகடு ஏழு. கூடுதலாக வாங்கி வைத்ததும் ஏழுதான். இனி ஒன்றுகூடத் தவறக்கூடாது. தவறினால் முப்பத்தொன்பது, முப்பத்தொன்பதை யாரும் வாங்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் மெஷினோடு மெஷினாக நின்றார். வெட்டும்போது தூள் குவிந்து முனை சூடேறியது. நிறுத்தித் துடைத்தால் நேரம் போதாது. ஓட ஓடவே கையால் தள்ளினார்.

மனைவி சதுரத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஊருக்கெல்லாம் கார்டு செய்யற மெஷினுக்கு ஒரு கார்டு கிடையாதா?"

"இடமில்ல."

"கை கிட்டப் போகுது."

"கார்டு போட்டா வேலை ஓடாது. எல்லாத்துக்கும் இடைஞ்சல். இதெல்லாம் உனக்குத் தெரியாது."

சொன்ன வாய் மூடவில்லை, கரண்டி இறங்கியது. வலது மணிக்கட்டில், நல்ல கனத்தோடு. கையை இழுத்துக்கொண்டார். கை இருந்த இடத்தைப் பாலம் கடந்து போயிற்று.

"அடிச்சிட்டியா?"

"நாலு பாக்கி இருக்கு. அதையும் கழிச்சுடுவீங்கன்னு தோணுச்சு," என்றாள். சிரிக்கவில்லை. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில துணியில சுத்தி என் கையிலதான் குடுத்தாங்க. என்ன செய்யறதுன்னு தெரியாம ரெண்டு மணி நேரம் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னொண்ணு என்னால தூக்க முடியாது."

அதன்பின் அவள் அடுப்பை அணைத்துவிட்டு, சதுரத்தின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கை நெருங்கினால் கரண்டி இறங்கியது. இப்படியாக மெஷினுக்கு ஒரு கார்டு அமைந்தது. சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு வீங்கியது. விரல்கள் குறையவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு நாற்பதாவது கார்டு இறங்கியது. சாம்பிளின் மேல் அடுக்கிப் பார்த்தார். நாலு ஓட்டையும் நேர். கீழே அந்த அரை வட்டம் நாற்பதிலும் ஒரே கோட்டில், வரிசையாகத் திறந்த வாய் போல. தடவிப் பார்த்தார். முழுதாகச் செய்த பொருள் ஒன்றைத் தொட்டு வெகு நாளாயிற்று. "ரூமை விட்டுட்டேன், சாம்பிளை விடல பாரு," என்றார்.

சுவர்ச் சதுரத்தை வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டுப் போன சேதியைக்கூட மனைவி அப்போது சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு வேன் கம்பெனிக்குள் நுழைந்தது. ஆபரேட்டர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். ஸ்டோர்காரர் முப்பது வருடமாக அதே மேஜையில் இருப்பவர். ஒரு வாஷர்கூடக் கையெழுத்து இல்லாமல் அவரிடமிருந்து வெளியே போகாது, உள்ளேயும் வராது.

"வாய்யா, கை எப்படி இருக்கு?"

"இருக்கு சார்."

ஸ்டோர்காரர் எண்ணினார். நாற்பது. மேலாக இருந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அரை வட்டத்துக்குள் தன் ஆள்காட்டி விரலை விட்டார். தடையில்லாமல் உள்ளே போயிற்று, வெளியே வந்தது. மறுபடியும் போயிற்று.

"இது என்னய்யா?"

"சாம்பிள்ல இருக்கு சார். அரை மில்லிகூட மாறாது, வெச்சுப் பாருங்க."

"நாப்பதுலயுமா?"

"நாப்பதுலயும்." தலை நிமிர்ந்துதான் சொன்னார்.

ஸ்டோர்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழுந்துபோய், கதவைச் சாத்திவிட்டு, கீழ் அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை உருவினார். பக்கம் புரட்டி, ஆபரேட்டர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

தேதி பதினோரு வருடத்துக்கு முந்தையது. அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். பக்கத்தில் ஒரு கையெழுத்து, வால் நீண்டு, அழுத்தமாக. பேனாவைப் பிடிக்க எல்லா விரலும் இருந்தவன் போட்டது.

"விசாரணையில இந்த நோட்டை யாரும் கேக்கல, நானும் எடுத்துக் குடுக்கல," என்றார் ஸ்டோர்காரர் தாழ்ந்த குரலில். "உன் கைவேலையை நீயே மறந்துடுவேன்னு நான் நினைக்கல."

வெளியே செக்கிங் ஆட்களின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஸ்டோர்காரர் பெட்டியின் மூடியைச் சாத்தி, பென்சிலை எடுத்துக்கொண்டார்.

"கம்பெனி குடுத்த கார்டுல இந்த ஓட்டையே கிடையாதுய்யா, தகட்டைத் தள்ள விரல் போகணும்னு அரத்தை வெச்சு ராவினதும் நீ, அதுவும் பத்தலன்னு கழட்டிக் கொண்டாந்து என்கிட்ட குடுத்ததும் நீ. கார்டு நாப்பது, ஓட்டை நாப்பது, விரல் வரவு ஒண்ணு, பாக்கி முப்பத்தொம்பது."