ஒரு நகம் மீதம் இருக்கிறது, மைத்துனரே!

செஞ்சி,
வெள்ளிக்கிழமை.

என் இல்லத்தரசியின் உடன்பிறந்த தம்பியும், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் தெருவில் தேங்காயும் சூடமும் விற்கும் கடையின் உரிமையாளரும், எங்கள் வீட்டு விழா எதுவாயினும் கடைசிப் பந்தி எழும்வரை தாம் உட்காராமல் நின்று பரிமாறும் பண்பாளரும், நாய் என்றாலும் நலம் கேட்டுவிட்டே வாசற்படி ஏறும் நல்லுள்ளத்தாரும் ஆகிய என் அன்பு மைத்துனர் தாண்டவராயன் அவர்களே!

வணக்கம். நான் நலம். உங்கள் தமக்கை ஜெயசுதாவும் நலம். ஆனால் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாய்தான் நலமில்லை. எல்லா நகங்களையும் வெட்டி முடித்து, ஒரே ஒரு நகம் மீதம் இருக்கும் வேளையில், நகவெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு அமாவாசைச் சிறப்புப் பேருந்தில் ஏறிப் போய்விட்டீர்களே, இது அடுக்குமா? போர்க்களத்தில் பாதியில் திரும்பிய படை உண்டு. நகக்களத்தில் பாதியில் திரும்பிய மைத்துனரை இந்தச் செஞ்சி மண் இப்போதுதான் காண்கிறது.

நடந்ததை முறையாக எடுத்து வைக்கிறேன். நீங்களே நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்லுங்கள்.

நம் நாய்க்கு நான் முரசு என்று பெயர் வைத்தேன். உங்கள் தமக்கை ஜிம்மி என்கிறார். இரண்டு பெயருக்கும் அது வருவதில்லை. அவித்த முட்டைக்கு வருகிறது. குளிப்பாட்டினால் அசையாமல் நிற்கும். காதைத் துடைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். உண்ணி எடுக்க உட்கார்ந்தால் வயிற்றைக் காட்டிப் படுத்துவிடும். ஆனால் பாதத்தில் விரல் பட்ட அந்த நொடியில் அதன் அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். அடுத்த தெருவில் மாவு அரைக்கும் பொறி ஓடுவதைப் போன்ற உறுமல். வாயைக் கட்டுங்கள் என்றார்கள், அதட்டுங்கள் என்றார்கள். நான் இசையவில்லை. உறுமல் என்பது என்ன? இதற்குமேல் தொட்டால் கடிப்பேன் என்று முன்கூட்டியே தரும் அறிவிப்பு. அறிவிப்புத் தருபவனின் வாயை அடைத்தால் அடுத்த முறை அவன் அறிவிப்பு இல்லாமலே கடிப்பான். இதை நான் எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறேன். நாயை எண்ணி முழங்கவில்லை. ஆயினும் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!

இதற்கிடையில் முன்காலின் உட்புறம் தரையைத் தொடாமல் தொங்கும் அந்தக் கட்டைவிரல் நகம், தேயாமல் வளர்ந்து, வளைந்து, தன் சதையையே குத்தத் தலைப்பட்டது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். அவர் பார்த்துவிட்டு, "இத வெட்டலன்னா சதைக்குள்ள எறங்கிடும் சார். புடிச்சி அமுக்காதீங்க, பயந்துக்கும். பழக்கமான கொரல்ல பேசிக்கினே இருங்க, பேச்சு மேல கவனம் போவும், அப்ப வெட்டிடலாம்" என்றார். பேசிக்கொண்டே இருங்கள் என்றார், மைத்துனரே! என் வாழ்நாளில் எந்த மருத்துவரும் எனக்கு இவ்வளவு பொருத்தமான மருந்தை எழுதியதில்லை. உங்கள் தமக்கைக்கு மட்டும் அந்த இடத்திலேயே தலை சுற்றியது.

அன்று மாலையே தொடங்கினேன். கோட்டையின் சிறப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே பாதத்தைத் தொட்டேன், உறுமியது. ஏரிகளைக் காப்பதைப் பற்றிப் பேசினேன், பல் தெரிந்தது. தாய்மொழிக் கல்வியைப் பற்றிப் பேசினேன். எழுந்து கொல்லைக்குப் போய்விட்டது. உள்ளம் உடைந்தேன். மறுநாள் நூலக விழாவுக்காகப் பேச்சை ஒத்திகை பார்த்தபடி, மறதியாக அதன் பாதத்தை மடியில் எடுத்து வைத்திருக்கிறேன். விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிப்பவர் அவர்களே, வரவேற்புரை ஆற்றி அமர்ந்திருக்கும் பெருந்தகை அவர்களே என்று மேடையில் உள்ளவர்களை வரிசையாக விளித்துக்கொண்டே போகிறேன். நாயோ பாதத்தை என் கையில் விட்டுவிட்டுக் கொட்டாவி விடுகிறது! அவர்களே, அவர்களே என்ற அந்தத் தாளம் அதற்குத் தாலாட்டாகிவிட்டது. விளிப்பை முடித்து, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு என்றேனோ இல்லையோ, உறுமல். மீண்டும் அவர்களே என்றேன்; அமைதி. தலைப்பு என்றேன், உறுமல். வியந்துபோய் உங்கள் தமக்கையிடம் சொன்னேன்.

"அது மட்டுமாங்க? நீங்க தலைப்புன்னு சொன்னாலே ஊரே அந்த எடத்துலதான் எழுந்து டீ குடிக்கப் போவுது" என்றார்.

அந்த இழிவுரையை அன்றே மன்னித்துவிட்டேன். வழி கிடைத்துவிட்டது அல்லவா? ஆனால் வெட்டுவது யார்? கையை வீசாமல் எனக்கு விளிக்க வராது. முயன்று பார்த்ததில் பேரன்பிற்குரிய என்று நான் கையை உயர்த்திய வேகத்தில் நகவெட்டி பறந்துபோய்ச் சாம்பார்ச் சட்டியில் விழுந்தது. உங்கள் தமக்கையோ நாயின் தலையை மடியில் வைத்து முட்டை ஊட்ட வேண்டும். எனவேதான் உங்களை அழைத்தேன். அமாவாசை என்றும் பாராமல், ஊரே தேங்காய் வாங்கத் திரளும் நாளில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நாய்க்காக ஓடி வந்தீர்கள். அதை நான் மறுக்கவில்லை. எந்த மேடையிலும் சொல்வேன்.

இனி அன்று நடந்தது. நீங்கள் குனிந்தீர்கள், நான் தொடங்கினேன். மாவட்டத்தில் உள்ள புலவர்கள், தலைமையாசிரியர்கள், கழகத் தோழர்கள் எல்லாரையும் விளித்து முடித்தபோது ஒரு கால்தான் முடிந்திருந்தது. ஆள் தீர்ந்துவிட்டது! நிறுத்தினால் உறுமல். வேறு வழியில்லாமல் எங்கள் தெருவுக்குள் இறங்கினேன். என் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்பது நீங்கள் அறிந்ததே. எதிர்வீட்டு ஆசிரியை கலைமதியின் பெயரைச் சொல்லி வாய் மூடவில்லை, அந்த அம்மையாரே வாசலில் நிற்கிறார்.

"இன்னாண்ணா, எம்பேரு தெரு வரைக்கும் கேக்குது, இன்னா விசேசம்?"

பதில் சொல்ல நிறுத்த முடியுமா? கேள்வியோடு வந்திருக்கும் அருமைத் தங்கை கலைமதி அவர்களே என்று அதையும் விளிப்பிலேயே சேர்த்துக்கொண்டேன். அவரும் அடக்கத்தோடு உட்கார்ந்துவிட்டார். அடுத்து வாடகைக்கு நாற்காலி விடும் பொன்னுசாமி. தம் பெயர் காதில் விழுந்ததும் வண்டியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வந்துவிட்டார். "கூட்டம்னு காலைலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பந்தலும் போட்டிருப்பேன்ல?" இப்படிப் பெயர் சொல்லப்பட்டவரெல்லாம் வந்து கூடத்தில் அமர, பெயர் சொல்லப்படாத ஒருவர் வாயிலை அடைத்துக்கொண்டு நின்றார். அரிசி ஆலை அரிகிருஷ்ணன்.

"ஏங்க, ரைஸ்மில்லுகாரன் பேரு மட்டும் வாயில வரலியா? போன கூட்டத்துல ஒங்களுக்குப் பொன்னாடை போட்டதே நானுதான!"

தவறுதான். ஈடு செய்யும் நோக்கில், வாரி வழங்கும் வள்ளல் அரிகிருஷ்ணன் அவர்களே என்றேன். உடனே பொன்னுசாமி எழுந்தார். "அவுரு வள்ளல்னா, சேரு கொண்டாந்த நானு இன்னா, இளிச்சவாயனா?" சரி, இருக்கை வேந்தர் பொன்னுசாமி அவர்களே என்றேன். "அப்ப எனக்கு?" என்றார் கலைமதி. ஒருவருக்குப் பட்டம் கொடுத்தால் மற்றவருக்குக் குறை. அவருக்குக் கூட்டினால் இவருக்கு இழிவு. அவை முழுவதும் பொருமியது. நாய் மட்டும் நான்கு காலையும் நீட்டித் தூங்கியது! மைத்துனரே, அந்தக் கூட்டத்தில் பட்டம் கேட்காத ஒரே உயிர் அதுதான்.

ஒவ்வொரு பெயர் வரும்போதும் நீங்கள் ஒரு முறை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தீர்கள். வியர்வை துடைக்க நிமிர்கிறீர்கள் என்று எண்ணினேன். முட்டை ஊட்டும் உங்கள் தமக்கையை விளித்தேன், மீண்டும் நிமிர்ந்தீர்கள். தூங்கும் நாயையே விளித்தேன், அப்போதும் நிமிர்ந்தீர்கள். எனக்கு மூச்சு முட்டியது, நா வறண்டது, கடைசி நகத்தருகே நகவெட்டி போய்விட்டது என்று கண்டு, எல்லா மேடைகளிலும் முடிப்பது போலவே முடித்தேன்: மற்றும் இங்கே வருகை தந்திருக்கும் உற்றார் உறவினர்களே!

நகவெட்டி தரையில் வைக்கப்பட்ட ஓசை கேட்டது.

"இன்னா மாமா, நானு ‘மற்றும்’தானா?" என்றீர்கள்.

எழுந்து நின்றீர்கள். "சேரு போட்டவன் வேந்தரு. தூங்கற நாயிக்கி ஒரு அவர்களே. கடைய உட்டுட்டு வந்து, கடி வாங்கறதுக்குக் கையக் குடுத்துக்கினு குந்தியிருக்கேன், நானு மற்றும். இருக்கட்டும் மாமா, இருக்கட்டும்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். பொன்னுசாமி என்னைப் பார்த்து, "நானா இருந்தாலும் போயிருப்பேங்க" என்று நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். என் வாய் அடைத்ததும் நாய் விழித்தது, உறுமியது, காலை உதறிக்கொண்டு எழுந்தது. மீதம் இருந்தது எந்த நகம் தெரியுமா? எந்த நகத்துக்காக இவ்வளவும் தொடங்கினோமோ, அந்த வளைந்த கட்டைவிரல் நகம்.

என் தரப்பைக் கேளுங்கள். மேடை மரபில் நெருங்கியவரைக் கடைசியில்தான் விளிப்பார்கள். உங்களை உச்சத்தில் வைப்பதற்காகவே ஒதுக்கி வைத்திருந்தேன், மூச்சு முந்திக்கொண்டது. மேலும், பெயரில் என்ன இருக்கிறது? அது நாய்க்குப் பொருட்டே இல்லை. நீங்கள் போனபின் ஆய்ந்து பார்த்தேன். முருங்கைமரம் அவர்களே என்றேன், அமைதி. மின்கம்பம் அவர்களே என்றேன், கொட்டாவி. மனிதர் யார், மரம் யார் என்று பாராமல் எல்லாரையும் ஒன்றாக மதிக்கும் அந்த உயிருக்கு இருக்கும் பெருந்தன்மை நமக்கு வேண்டாமா?

அதன்பின் பட்ட பாட்டைக் கேளுங்கள். உங்கள் தமக்கை நகவெட்டியைத் தொட மறுத்துவிட்டார். "வெட்டற கை மேல்மலையனூர்ல இருக்குது. போயிக் கூட்டியாங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். என் விளிப்பைக் கைப்பேசியில் பதிந்து ஓடவிட்டேன். நாய் கைப்பேசியைப் பார்த்து உறுமியது. வள்ளல் அரிகிருஷ்ணன் தாமே விளிப்பதாக முன்வந்தார். வந்தவர், "எல்லாருக்கும் வணக்கம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், நாய் உறுமியது. எனக்கும் உறுமத் தோன்றியது. நேற்று மீன்குழம்பு மணம் மூக்கைத் துளைக்க, தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "எந்தம்பிய மற்றும்ல போட்ட வாயிக்கி இன்னா கொழம்பு?" என்று வெறும் மோரை ஊற்றிவிட்டுப் போனார். அதையும் தாங்குவேன். ஆனால் நாய் இன்று காலை முன்காலைத் தூக்கிக்கொண்டே நடந்தது. நக்கி நக்கி அந்த இடம் சிவந்துவிட்டது. என்னால் பார்க்க முடியவில்லை, மைத்துனரே. மணிக்கணக்கில் பேசத் தெரிந்த எனக்கு, ஒரு சிறு நகத்தின் முன்னால் சொல் இல்லை.

ஆகவே கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். சினம் என்மீது, நகம் நாயின்மீது. என்மீதுள்ள வழக்கில் அதற்கு ஏன் தண்டனை? எழுக, தாண்டவராயன் அவர்களே! கடையைப் பூட்டுக, தாண்டவராயன் அவர்களே! அடுத்து வரும் பேருந்தில், இடம் இல்லையேல் படியிலாவது நின்று, இன்றே, இப்பொழுதே புறப்பட்டு வருக, தாண்டவராயன் அவர்களே! முதற்பெயர் உங்களுடையது. கடைசிப் பெயரும் உங்களுடையது. நடுவில் வள்ளல்களும் வேந்தர்களும் எப்படியோ போகட்டும்.

உங்கள் கடையில் விற்ற தேங்காய் ஒன்றுகூட அழுகல் என்று திரும்பி வராமல், வாடிக்கையாளர் வரிசை வளர்ந்து, இல்லத்தாரோடு நீங்கள் நெடுங்காலம் நிறைவாக வாழ வாழ்த்தும்,

உங்கள் அன்பு மாமா,
செஞ்சி எழிலரசன்.

பின்குறிப்பு: அஞ்சலில் சேர்க்கும் முன், பிழை பார்ப்பதற்காக இம்மடலை ஒரு முறை உரக்கப் படித்தேன். தொடக்கத்தில் உங்களை விளித்த இடத்தில், அடுக்களையிலிருந்து உங்கள் தமக்கை வெளியே வந்தார். "கடைசிப் பந்தி வரைக்கும் நிப்பான், அது மட்டும் உண்மதான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு தடவை படிங்க என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்து, நாயின் காலை மடியில் வைத்து, நான் இரண்டாம் முறை நல்லுள்ளத்தாரும் என்பதற்குள் அந்த நகத்தை வெட்டிப் போட்டுவிட்டார். உறுமல் இல்லை. ஆகவே நகத்துக்காக நீங்கள் வர வேண்டியதில்லை; மேலே எழுதிய வேண்டுகோளை விலக்கிக்கொள்கிறேன். பெயர் நாய்க்குப் பொருட்டே இல்லை என்ற பகுதியையும் விலக்கிக்கொள்கிறேன். ஏனென்றால் எழுக, தாண்டவராயன் அவர்களே என்று நான் படித்ததும் அது காதை நிமிர்த்தியது. இரண்டாம் முறை சொன்னதும் எழுந்தது. மூன்றாம் முறைக்கு வாசலுக்குப் போய் நின்றுவிட்டது. முட்டையைக் காட்டினோம், திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் பேருந்து நிற்கும் ஓசை கேட்டால் வாலை ஆட்டுகிறது; நீங்கள் இறங்கவில்லை என்று தெரிந்ததும் வாலை நிறுத்தி என்னைப் பார்க்கிறது. அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. வந்து நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள்.