என் வீட்டுக்கு நான் பார்த்த துப்பாக்கி

துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். தீபாவளித் துப்பாக்கி இல்லை. இரட்டைக்குழல்.

காரணத்தைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். வளைகுடாவில், புஜைராவில் முப்பத்திரண்டு வருஷம் எண்ணெய் டாங்க் டாங்காக ஏறி இறங்கி, குளச்சல் பக்கத்தில் ஒரு வீடு கட்டினேன். பூட்டிக் கிடக்கிற வீடு. போன மாதம் எவனோ தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். கேட்டதும் என் மனைவி ரெபேக்காள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“நம்ம பெனோவைக் குடிவைப்போம்.”

பெனோ அவளுடைய தம்பி. என் வீட்டுப் பால்காய்ப்பில் முதல் பந்தியில் உட்கார்ந்து ஆறு துண்டு நெய்மீன் தின்றவன். வீட்டுக்காரன் நான் கடைசிப் பந்தியில் வெறும் குழம்பில் கை நனைத்தேன். பதினான்கு வருஷம் ஆகிறது. மறக்கவில்லை. அவனைக் குடிவைப்பதற்குக் கள்ளனே மேல். கள்ளன் மோட்டாரோடு போய்விடுவான். பெனோ போகமாட்டான்.

“துப்பாக்கி வாங்கப் போறேன்,” என்றேன்.

“யாரைச் சுட?”

“கள்ளனை. சும்மா இருக்கிற நாள்ல விளையாட்டுக்கு. இங்க ஒரு கிளப்புல மண் தட்டைப் பறக்க விடுவான், நாம சுடணும். நாலு துப்பாக்கிய எடுத்துச் சுட்டுப் பாப்பேன். எது கைக்கு ஒத்து வருதோ, அதே மாதிரி ஊர்ல லைசென்ஸ் போட்டு வாங்குவேன்.”

“போன வாரம் எலியப் பாத்துக் கட்டில்ல ஏறினிய.”

“அது பெரிய எலி.”

“கள்ளன் அதைவிடப் பெருசா இருப்பான்.”

இதற்கெல்லாம் பதில் சொன்னால் நான் ஆண்பிள்ளை இல்லை. கிளப்புக்குப் போய் விண்ணப்ப ஃபாரம் வாங்கி வந்தேன். கடைசி வரியில் இடித்தது: கஃபீலின், அதாவது விசா கொடுத்து வைத்திருக்கிறவரின், சம்மதக் கடிதம் வேண்டுமாம்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ரெபேக்காளின் விசாவில்தான் இந்த நாட்டில் மூச்சு விடுகிறேன். என் கஃபீல் அப்போது அடுக்களையில் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார்.

“ஒரு கையெழுத்து போடு.”

“ஆபீஸ் நேரத்துல வாங்க.”

“ரெபேக்கா!”

“சரி, சரி. போடுதேன். பதிலுக்கு எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க.”

கையைக் கழுவிவிட்டு அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

“எங்க போடணும்?”

“கீழ ஒண்ணு. பின்னால ஒண்ணு.”

போட்டேன். வாசிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகக் கம்பெனி நீட்டிய அரபித் தாளிலெல்லாம் ‘எங்க போடணும்’ என்பதை மட்டும் கேட்டுப் பழகிய கை இது. அந்தத் தாள் தமிழில் இருந்தது. ஆறாம் வகுப்புக்காரன் வாசிக்கக்கூடிய தமிழ்தான். பழக்கம் என்னைக் கெடுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூட்டி இல்லை. கூடவே வந்தாள். சொல்லிக்கொடுக்கிறவர் பெயர் ஈசா. உள்ளூர் அரபி, ஆனால் என்னைவிட நன்றாக இந்தி பேசினார்.

முதலில் பம்ப் துப்பாக்கி. ஒவ்வொரு தடவை சுட்டதும் முன்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும். இழுத்தேன், தள்ள மறந்தேன். தட்டு ஓமானுக்குப் போய்விட்டது. அடுத்தது, குழல்கள் அக்கம்பக்கமாக இருக்கிற பழைய மாதிரி. அது தோளில் உதைத்த உதையில் என் கட்டுப்பல் ஆடியது. மூன்றாவது, குழல் மேல் குழல் வைத்தது. இருபத்திரண்டு தட்டு தப்பியது. இருபத்து மூன்றாவது தட்டு பொடிப்பொடியாய்ச் சிதறியது!

“கலாஸ் பாய், முடிந்தது! இதுதான் உன் துப்பாக்கி,” என்றார் ஈசா. “விளையாட்டுக்கு நீளக் குழல் நல்லது. வீட்டுக்கு ரொம்ப நீளம் வேண்டாம், கதவில் இடிக்கும். பூட்டி வை. தோட்டாவை வேறு பூட்டில் வை.”

ரெபேக்காள் குழலின் நீளம், தோளில் பதிக்கிற கட்டையின் அளவு எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டிருந்தாள். என்ன அக்கறை! எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

“பாய், ஆறடி ஆளுக்குக் கட்டை எத்தனை இஞ்ச்?” என்று ஈசாவிடம் கேட்டாள்.

எனக்கு ஐந்தடி மூன்று.

“யாருக்குடி ஆறடி?”

“சும்மா, தெரிஞ்சு வைக்கதுக்கு.”

இரண்டு மாதம் கழித்து, லைசென்ஸுக்கு எழுதிப் போடலாம் என்று ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வீடியோவில் பெனோ வந்தான். அவன் பின்னால் என் வீட்டு வராந்தா. என் சாய்வு நாற்காலியில் ஆறடியும் சாய்ந்து கிடந்தது. மடியில் புத்தம் புதுத் துப்பாக்கி. குழல் மேல் குழல்.

“எப்படிடா?” என்றேன்.

“வாழத் தோட்டத்துல பன்னி எறங்குதுன்னு எடுத்த லைசென்ஸ் சும்மா கெடந்துது அத்தான். எதை வாங்கன்னு தெரியல. அக்கா அளவெல்லாம் அனுப்பினா. உங்க செலெக்ஷன் ஏ ஒன்!”

“என் வீட்டுல உனக்கு என்னடா வேலை?”

பதில் என் பக்கத்திலிருந்து வந்தது.

“நீங்கதானே எழுதிக் குடுத்திய? நாம ஊருக்குத் திரும்புறது வரைக்கும் பெனோ குடும்பத்தோட தங்கி வீட்டைப் பாத்துக்கிடலாம்னு. கீழ ஒண்ணு, பின்னால ஒண்ணு.”

“அப்ப என் துப்பாக்கி?”

“ஒரு வீட்டுக்கு எத்தன துப்பாக்கி வேணும்?”

பெனோ குழலைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான்: “அத்தான், வாறதுக்கு முன்ன ஒரு போன் அடிச்சிருங்க. இருட்டுல கேட்டைத் திறந்தா ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க.”

போன் செய்துவிட்டுத்தான் போனேன். துப்பாக்கி நல்ல துப்பாக்கி, தேர்ந்தெடுத்தவன் நானல்லவா?