காதில் பஞ்சு வைத்து மிதித்த கொன்சேர்ட்டோ

உலகத்தில் எத்தனையோ பேர் வயலின் கொன்சேர்ட்டோ கேட்டிருப்பார்கள். அதைக் கேட்பதற்காக அயலவர்களின் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்து ஆள் தெரிவுசெய்தவர் கப்பல் அண்ணை ஒருவர்தான்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. குருநகரில் பிறந்து, சரக்குக் கப்பல்களின் குசினியில் வெங்காயம் உரித்தபடியே உலகத்தைச் சுற்றி வந்தவர். கடற்கரையில் ஷெல் குண்டு விழத் தொடங்கியதும் மனைவியோடு நல்லூருக்கு இடம்பெயர்ந்து, எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறினார். மாதா சுரூபம் ஒன்று, பழைய ரேப் றெக்கோடர் ஒன்று, நாலு கசெற். அவ்வளவுதான் கொண்டுவந்த சொத்து. நாலு கசெற்றும் வயலின் கொன்சேர்ட்டோ.

அது என்ன சாமான் என்று கேட்டேன். நான் கல்லூரியில் கணிதம் படிப்பித்தவன். இசைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“ஒருத்தன் தனிய நிண்டு மனசிலை கிடக்கிறதைச் சொல்லுறான், மாஸ்ரர். சுத்தியிருக்கிற ஊர்ச்சனம் முழுக்க மறுத்துக் கதைக்குது. கடைசியிலை ரெண்டு பகுதியும் ராசியாகும். எங்கடை ஊரிலை நடக்காத விசயம்.”

அவற்றை ஆக்கிய மேதைகளின் பெயர்களை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கசெற் மட்டையில் இருந்த படத்தைப் பார்த்து அவரே பெயர் வைத்திருந்தார். சின்னப்பொடியன் காலையில் கேட்கவேண்டியவர். சிடுமூஞ்சியர் மேளத்தால் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். ரஷ்யாக்காரர் பெரிய வெள்ளிக்கிழமைக்கு மட்டும். மற்ற நாட்களில் அந்த அழுகையைத் தாங்க ஏலாதாம். எல்லாருக்கும் மேலே தாடிக்காரர்.

தாடிக்காரரை அவர் முழுதாகக் கேட்டது வாழ்க்கையில் ஒரேயொரு தடவை. ஜெர்மனியில் ஒரு துறைமுகத்தில் குளிர் தாங்காமல் பெரிய மண்டபம் ஒன்றுக்குள் ஒதுங்கியிருக்கிறார். மீன் மணக்கிற கோட்டோடு கடைசி வரிசையில் இருந்தவர், முடிந்து வெளியே வரும்போது தொப்பியை மறந்து விட்டுவிட்டு வந்தார். அதேபோல இன்னொருமுறை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஒரே சீராகக் கேட்டுவிட்டுச் சாகவேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் அந்த வருடங்களில் அது சின்ன ஆசை அல்ல.

மின்சாரம் இல்லை. போரால் பற்றரிக்கும் தடை. சயிக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் பாட்டுக் கேட்பதுதான் ஊர் வழக்கம். செய்தியும் சினிமாப் பாட்டும் அப்படிக் கேட்கலாம். கொஞ்சம் இழுத்தாலும் யாரும் கவலைப்படமாட்டார்கள். தாடிக்காரர் அப்படிப்பட்டவர் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்தபின் கச்சேரி. முதலில் மிதித்தவர் எதிர்வீட்டுக் கந்தையா அண்ணை, ஓய்வுபெற்ற தபால்காரர். காலம் முழுக்கச் சயிக்கிள் ஓடியவர் என்று நம்பி ஏற்றினார் கப்பல் அண்ணை. ஆனால் அந்தக் கால்கள் வீட்டுக்கு வீடு நின்று பழகியவை. கொஞ்சத் தூரம் மிதிப்பார், நிற்பார், திரும்ப மிதிப்பார். வயலினும் ஒவ்வொரு படலையிலும் இறங்கி ஏறியது. ஓரிடத்தில் பழக்கதோஷத்தில் மணியையும் அடித்துவிட்டார்.

“என்ன கந்தையா அண்ணை, தாடிக்காரருக்குத் தந்தி வந்திருக்கோ?”

பிறகு ஒழுங்கையில் இருந்த இளந்தாரிகள் எல்லாரும் வந்து மிதித்துப் பார்த்தார்கள். அப்போதுதான் பெரிய வில்லங்கம் தெரிந்தது. கொன்சேர்ட்டோவின் நடுப்பகுதி மெதுவானது, ஆறுதலானது. பாட்டு ஆறுதலாகப் போனால் கேட்கிறவனின் காலும் ஆறுதலாகும். கால் ஆறுதலானால் பாட்டு இன்னும் இழுக்கும். அதைக் கேட்டுக் கால் இன்னும் சோரும். கடைசியில் வயலின் சினைமாடு மாதிரி முனகிக்கொண்டு படுத்துவிடும். முடிவுப்பகுதி ஓட்டம், அங்கே காலும் பாட்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போய், தாடிக்காரர் கீச்சுக்குரலில் கத்துவார்.

கப்பல் அண்ணை ஒரு கிழமை யோசித்துவிட்டு மருந்து கண்டுபிடித்தார். மிதிக்கிறவனுக்குப் பாட்டுக் கேட்கக்கூடாது. காதில் பஞ்சு, அதற்குமேல் துவாய்க் கட்டு. ஒழுங்கையில் எல்லார் காலையும் சோதித்ததில் என்னைத் தெரிவுசெய்தார். என் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்து, “உணர்ச்சியில்லாத கால்,” என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

இப்படித்தான் அந்த ஒழுங்கையில் எல்லாரும் தாடிக்காரரைக் கேட்டார்கள், ஓட்டுகிறவனைத் தவிர. எனக்குத் தெரிந்த கொன்சேர்ட்டோ கப்பல் அண்ணையின் முகம்தான். தாடை இறுகினால் முதற்பகுதி. கண் மூடினால் நடுப்பகுதி. பெருவிரல் ஆடினால் முடிவுப்பகுதி.

முழுதாக முடிந்தது மட்டும் ஒருநாளும் இல்லை. ஒருநாள் சங்கிலி கழன்றது. ஒருநாள் குண்டு போடப் பொம்மர் வந்தது. எல்லாரும் பங்கருக்குள் ஓட, அவர் றெக்கோடரைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு கடைசியாக இறங்கினார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து போடலாமே என்று கந்தையா அண்ணை சொன்னார். “பூசையை விட்ட இடத்திலையிருந்து வைக்கிறவையோ?” என்று கேட்டுவிட்டு முதலிலிருந்து போட்டார். என் கால் அதற்குள் சோர்ந்துவிட்டது.

தொண்ணூற்றைந்தின் மாரி தொடங்கிய ஒரு ஞாயிறு. ஷெல் சத்தம் நாளுக்கு நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. அன்று மட்டும் எல்லாம் சரியாக அமைந்தது. முதற்பகுதி முடிந்தது. அவர் கண்ணை மூடினார். வாய் இலேசாகத் திறந்திருந்தது. தாய் தலைவாரிவிடும்போது பிள்ளை இருக்கிற மாதிரி இருந்தார். அப்படி அங்கே என்னதான் கேட்கிறது என்று எனக்குள் ஓர் ஏக்கம் வந்துவிட்டது. துவாய்க் கட்டை நெகிழ்த்தி ஒரு காதின் பஞ்சை எடுத்தேன்.

ஒரு குழல் பாடிக்கொண்டிருந்தது. வயலின் பேசாமல் காத்திருந்தது. குழல் முடிந்ததும் வயலின் மெதுவாக உள்ளே வந்தது. அதற்குப்பிறகு என் கால் என்னுடையதாக இல்லை. வயலின் முனகிப் படுத்தபோது கப்பல் அண்ணை கண்ணைத் திறந்து என் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார்.

“கேட்டிட்டீரோ?”

“ஓம் அண்ணை. பிழை விட்டிட்டன்.”

“எவ்விடத்திலை?”

“குழல் முடிஞ்சு வயலின் வாற இடத்திலை.”

அவர் கசெற்றை வெளியே எடுத்தார். “அவ்விடத்திலை நானெண்டாலும் மிதிக்கமாட்டன்,” என்றார். “அடுத்த ஞாயிறு பாப்பம்.”

அடுத்த ஞாயிறு நல்லூரில் நாங்கள் யாரும் இல்லை. இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் மழையில் தெருவில் இறங்கித் தென்மராட்சிக்கு நடந்தது. சாவகச்சேரியில் அவரும் மனைவியும் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தார்கள். நாங்கள் இரண்டு தெரு தள்ளி ஓர் உறவினர் வீட்டில். ஒருநாள் பின்னேரம் என்னைத் தேடி வந்தார். மெலிந்திருந்தார்.

“மாஸ்ரர், சயிக்கிளும் வந்து சேர்ந்திட்டுது, றெக்கோடரும் நனையேல்லை. ஆஸ்பத்திரியிலை கெஞ்சிப் பஞ்சும் எடுத்து வைச்சிருக்கிறன். ஒருக்கால் மிதிச்சு விடுவீரோ?”

நான் அரிசிக்காகப் பகல் முழுக்க வரிசையில் நின்று களைத்திருந்தேன். “இந்த நிலைமையிலை பிடிலோ அண்ணை? நாளைக்குப் பாப்பம்,” என்றேன்.

“ஓமோம், நாளைக்கு,” என்று சொல்லிவிட்டுச் சயிக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் கிளாலியில் கடலேரி கடக்கும் படகில் இடம் கிடைத்திருப்பதாகச் செய்தி வந்தது. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு தெருதான். போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மிதிக்கச் சொல்லுவார் என்று போகவில்லை. சில மாதங்களின் பின் கொழும்பில் கந்தையா அண்ணையைக் கண்டபோது, காய்ச்சலில் கப்பல் அண்ணை அந்த விறாந்தையிலேயே போய்விட்டார் என்றார். கடைசிவரை வேறு யாரையும் மிதிக்க விடவில்லையாம். மாஸ்ரர் வருவார் என்றாராம்.

இப்போது கனடாவில் மகளோடு இருக்கிறேன். போன மாரியில் அவள் என்னை ஒரு பெரிய மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தாடிக்காரர்தான். முதற்பகுதி முடிந்தது. குழல் பாடியது. வயலின் உள்ளே வந்தது. அது முனகப்போகிறது என்று காத்திருந்தேன். முனகவில்லை. எங்கோ ஒருவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மிதிப்பதுபோல அவ்வளவு சீராகப் போனது. எனக்கு அது போதவில்லை.

மகள் என் முழங்காலில் கை வைத்து, “அப்பா, காலை ஆட்டாதேங்கோ, பக்கத்திலை பாக்கினம்,” என்றாள்.

நான் நிற்பாட்டவில்லை. முடிவுப்பகுதி இன்னும் இருந்தது. கப்பல் அண்ணை கேட்டுக்கொண்டிருந்தார்.