மாமனாரை ரிசப்டர் ஆக்கிய கதை

பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கும் கேள்விக்கு விவரமாகப் பதில் சொல்லக் கூடாது. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குரோம்பேட்டை வீட்டு ஹாலில் பஜ்ஜித் தட்டோடு நின்ற எனக்கு இது தெரியாது.

எனக்கு ஒரே கவலைதான். பிஎச்.டி. பாதியில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதை முடிக்க விடுவார்களா? விட மாட்டார்கள் என்றால் மாப்பிள்ளை மன்மதனே ஆனாலும் வேண்டாம். (மன்மதன் இல்லை. ஆனாலும் பார்க்கப் பார்க்கப் பிடித்துக்கொண்டிருந்தது.) படிப்பை முடித்தே தீருவேன் என்று வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லியும்விட்டேன்.

"அப்படி என்னம்மா ஆராய்ச்சி?" என்றார் தாம்பரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா.

சுருக்கமாகச் சொல்லு என்று என் அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினேன்.

"ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்பும் ஆன்ட்டி. அந்தச் சேதியைத் தூக்கிட்டுப் போற புரதம் கீமோகைன். அதைப் பிடிக்கிற கைதான் ரிசப்டர். மத்த செல்லுல பிடிச்சவுடனே உள்ள தகவல் போயிடும். எலும்பு மஜ்ஜையில வளர்ற சிவப்பணு மேல ஒண்ணு இருக்கு, அது மட்டும் வர்றதையெல்லாம் பிடிச்சுக்கும். உள்ள ஒண்ணும் சொல்லாது."

"பிடிச்சுட்டுச் சும்மா இருக்குமா? அதெப்படி?"

உதாரணம் தேடிய என் கண், வந்ததிலிருந்து வாயே திறக்காத மாப்பிள்ளையின் அப்பா மேல் போய் நின்றது.

"நம்ம அங்கிள் மாதிரிதான் ஆன்ட்டி! நீங்க சொல்றதையெல்லாம் வாங்கிக்கறார். உள்ள போகுதான்னு பார்த்தா, ம்ஹூம்."

ஆன்ட்டி கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். சமாளிக்கிறேன் பேர்வழி என்று மேலும் தோண்டினேன். "அது நல்லதுதான் ஆன்ட்டி. ரத்தத்துல தேவையில்லாம சுத்தற சேதியை அது பிடிச்சு வச்சுக்கறதாலதான் உடம்பு நிம்மதியா இருக்குன்னு ஒரு கருத்து இருக்கு."

ஆன்ட்டி கைப்பையை எடுத்துக்கொண்டார். "போய் போன் பண்றோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கத் தெரியும்.

"அந்த பஜ்ஜியை உன் வாய்லயே அடைச்சிருக்கணும்டி!" என்றாள் அம்மா.

மாலையில் போன் வந்தது. பேசியது மாப்பிள்ளையின் அப்பா.

"நீ சொன்னது உள்ள போச்சும்மா. நீ படிப்பை முடி. வீட்ல நான் பேசிட்டேன்."

அவர் வீட்டில் பேசினாராம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

திருநீர்மலைக் கோயிலில் கல்யாணம் நடந்தது. ஆராய்ச்சியும் முடிந்தது. இன்றைக்கும் மாமனார் பதில் பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் மாமியார் என் பக்கம்தான் திரும்புவார். "டாக்டரம்மா, காபி வேணுமான்னு உன் ரிசப்டரைக் கேளு."

மாமனார் பேப்பரை இறக்காமல் கையை மட்டும் நீட்டுவார்.